காதைக் கொடுத்தால் போதுமா?

கோயில் மண்டபத்தில் உபந்நியாசம். முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டீர்கள். காது அங்கே இருக்கிறது, மனசு? பாலை மூடி வைத்தோமா, நாளை இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறது. அதற்குள் கைபேசி வேறு சிணுங்குகிறது. "இன்று என்ன சொன்னார்?" என்று வீட்டில் கேட்டால், "ரொம்ப நன்றாகப் பேசினார்" என்பதுதான் பதில்!

குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் மழை பெய்தும் என்ன பயன்? எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பண்ருட்டிப் பக்கம் போய் வருவோம், வாருங்கள்.

பலாப்பழத்துக்குப் பேர்போன அந்த ஊரை ஒட்டினாற்போல், கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவதிகை. திலகவதியார் திருத்தொண்டு செய்த தலம். 13ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தவர் மனவாசகங் கடந்தார், மெய்கண்டாரின் மாணாக்கர். அவர் இயற்றிய 'உண்மை விளக்கம்' சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14-ல் ஒன்று. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே கொண்ட சிறு நூல்.

அதன் அமைப்பைப் பாருங்கள். மாணாக்கர் கேட்கிறார், குரு சொல்கிறார். தத்துவங்கள் 36 எவை? ஆணவம் எது? நான் யார்? நீ யார்? இறைவன் ஆடும் கூத்துக்கு என்ன பொருள்? இப்படிக் கேள்விகளை முதலிலேயே வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை வாங்கிக்கொள்கிறார். கூத்தைப் பற்றிக் கேட்டதற்கு வந்த விடை என்ன தெரியுமா? உடுக்கை படைத்தல், அபயக் கரம் காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். சிதம்பரத்தில் எத்தனை தடவை தரிசித்திருப்போம்! ஒருவர் கருத்தாகக் கேட்டதனால் அல்லவா நமக்கும் அந்தப் பொருள் கிடைத்தது?

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படி வைத்தார்கள் சைவப் பெரியோர். நாமோ முதற்படியிலேயே எழுந்து வந்துவிடுகிறோம்.

அடுத்த முறை புறப்படும்போது ஒரே ஒரு கேள்வியை முந்தானையில் முடிந்துகொண்டு போங்கள். மனசு ஓடினால் கோபித்துக்கொள்ளாமல், விளையாடப் போன குழந்தையைக் கூப்பிடுவது போல் அழைத்து வாருங்கள். வீடு திரும்பியதும், கேட்டதில் ஒரு விஷயத்தையாவது உங்கள் சொந்த வார்த்தையில் வீட்டாரிடம் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் நீங்கள் கேட்காமல் விட்ட இடம். மறுநாள் காய் நறுக்கும்போது அதையே அசை போடுங்கள். சந்தேகம் எழுந்தால், அதுவே அடுத்த உபந்நியாசத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் கேள்வி!