மார்க்குக்காக மனசை உடைக்கலாமா?

2023 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.67 சதவிகிதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது பெரம்பலூர் மாவட்டம். மறு வருடம் 97.31 சதவிகிதத்தோடு அரியலூர். 2025 பிளஸ் டூவில் 98.82 சதவிகிதத்தோடு மறுபடியும் அரியலூரே முதலிடம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் லாரிகளும் முந்திரிக்காடுமாகக் கிடக்கும் இந்த மண்ணுக்கு அது சாதாரண கௌரவம் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளும் சேர்ந்து ஈட்டிக் கொடுத்த வெற்றி இது.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போதே ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். முழுத் தேர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாகக் கருதப்படும் இரண்டு, மூன்று பேர் எந்த ஊர் வகுப்பிலும் உண்டு. ஸ்பெஷல் கிளாஸிலும் சாயங்கால ஸ்டடியிலும் கடைசிவரை உட்கார வைக்கப்படுகிற அந்தப் பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது?

“உன்னாலதான் சென்டம் போகப்போகுது.” “மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு.” வீட்டுக்குப் போனால், “பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாரு, உன்ன மாதிரியா இருக்கு?” தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

பிள்ளைகள் பிள்ளைகளைக் கேலி செய்வதைத்தான் நாம் பிரச்னையாகப் பேசுகிறோம். கருப்பு, குண்டு, திக்குவாய் என்று பட்டப்பெயர் வைப்பதும், சாதியைக் குத்திக் காட்டுவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால், யாரைக் கேலி செய்யலாம் என்று அவர்களுக்கு முதலில் காட்டிக் கொடுப்பது பெரியவர்களாகிய நாம்தான். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் ஒருவனை ‘மக்கு’ என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும். இன்டர்வெல்லில் அதுவே அவன் பெயராகிவிடும். வருடக் கடைசிவரை அது அவனை விடாது.

சொல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அறிவியல் பதில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1958-ல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 7, 11 வயதுகளில் சக பிள்ளைகளின் கொடுமைக்கு ஆளானவர்களிடம் 50 வயதிலும் மன உளைச்சல் கூடுதலாக இருந்ததை 2014-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் டெய்ச்சர் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு வசவுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. சக மாணவர்களின் வசவை அதிகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையிலேயே வேறுபாடு தெரிந்தது.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டோம். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பிளஸ் டூ மாணவன் வீடு புகுந்து வெட்டப்படுவதற்கு முன்பே, சக மாணவர்களின் சாதிய வசவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அரிவாள் வந்த பிறகுதான் ஊர் விழித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. வார்த்தையோடு நிற்கிற கொடுமைக்கு யார் குழு அமைப்பார்கள்?

“நாங்க வாங்காத திட்டா? திட்டினாத்தான் உருப்படும்” என்பவர்களும் உண்டு. அவர்கள் அக்கறையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால், தாங்கி மேலே வந்தவர்கள்தான் இன்று அதைச் சொல்ல இருக்கிறார்கள். படிப்பை விட்டுப் பாதியிலேயே ஓடியவர்கள் இந்தப் பேச்சில் இல்லை.

கட்டாயக் கல்விச் சட்டம், 2009-ன் 17-வது பிரிவு, உடல்ரீதியான தண்டனையோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால், அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். தேர்ச்சி சதவிகிதத்தின் முழு பாரமும் இறங்குகிற பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டியவர்கள். சொல்லடி அதிகம் விழுகிற பருவத்தில் இந்தக் காப்பு இல்லாமல் போகிறதே என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, சாப்பிடாமல் திரும்பி வரும் டிபன் பாக்ஸ், திடீரென்று சரியும் மார்க், காரணமில்லாத எரிச்சல். இவற்றைப் பார்த்தால் பெற்றோர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். “நீ என்ன பண்ணினே?” என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். முழுதாகச் சொல்லி முடிக்கவிட்டு, பிறகு வகுப்பு ஆசிரியரிடம் பேசலாம். அங்கே பேச முடியாத நிலை என்றால், பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் தேர்ச்சி சதவிகிதம் பேசப்படும்போது, கூடவே இன்னொன்றையும் பெற்றோர் கேட்க வேண்டும்: இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் அவமானப்பட்டுப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள்? படிப்பில் முதலிடம் பிடித்துக் காட்டிய அரியலூரும் பெரம்பலூரும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டால், மற்ற மாவட்டங்களும் பின்னால் வரும். ஒரு பிள்ளை பெயிலானால் ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு எழுதிவிடலாம். தன்னால் எதுவுமே முடியாது என்று அந்தப் பிள்ளையை நம்பவைத்துவிட்டால், அதைச் சரிசெய்ய எந்தத் துணைத்தேர்வும் கிடையாது.