குளிர்கடலில் ஒரு சிறு படகு



படகு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை யாவை? ஆற்றங்கரையில் கட்டிக் கிடக்கும் சம்பான், மீனவர் ஓட்டிச் செல்லும் இயந்திரப் படகு, தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஆகியவைதாமே! இன்று நாம் பேசப்போகும் படகு இவற்றினின்றும் வேறானது. அதன் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அகலமோ அரை மீட்டர்தான். பெரும்பாலும் ஒருவரே அதில் அமரலாம். கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையாக உள்ள ஒரு துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டுச் செல்ல வேண்டும். அதன் பெயர் கயாக்.

குளிர்நாடுகளில் இந்தக் கயாக்கில் ஏறி, பாறைகள் நிறைந்த கரையோரமாகக் கடலில் செல்வதைப் பலர் விளையாட்டாகக் கொண்டுள்ளனர். வெயில் காலத்தில் மட்டுமன்று. கடுங்குளிர் காலத்திலும் செல்கின்றனர். அந்தக் காலத்தில் செங்குத்தான பாறைச் சுவர்களும், கடல் குடைந்த குகைகளும், கடற்பறவைகளும், நீர்நாய்களும் ஆளரவமின்றி இருக்கும். அக்காட்சியைக் காணவே அவர்கள் போகிறார்கள். பெரும்பாலோர் நலமாகத் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? அதிர்ஷ்டத்தாலா, உடல் வலிமையாலா? இதனை ஆராய்ந்து பார்த்தால், நம் பிள்ளைகளுக்கும் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கும்.

முதலில், இப்படகு எங்கே பிறந்தது என்று பார்ப்போம். வடதுருவத்தை ஒட்டிய பனி நாடுகளில் வாழும் இனுயிட் மக்களே இதனைக் கண்டவர்கள். கிரீன்லாந்து என்னும் மாபெரும் தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே படகு கட்டுவதற்கு ஏற்ற மரங்கள் வளர்வதில்லை. தொலைவிலுள்ள சைபீரிய ஆறுகள் அடித்துச் சென்று கடலில் விட்ட கட்டைகள் மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். அவற்றையும் எலும்பையும் கொண்டு ஆண்கள் சட்டம் செய்வார்கள். பெண்கள் கடல்நாயின் தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, விலங்கின் நரம்பையே நூலாகக் கொண்டு, ஒரு துளி நீரும் புகாதபடி தைப்பார்கள். வேட்டைக்குப் போகும் கணவனின் உயிர், வீட்டில் ஊசி பிடித்த மனைவியின் கைத்திறனில் இருந்தது என்றால் மிகையாகாது.

கடைச் சட்டை எல்லாருக்கும் பொருந்தாதது போல, அந்தக் கயாக்கும் எல்லாருக்கும் பொருந்தாது. ஓட்டுபவரின் இடுப்பையும் கைந்நீளத்தையும் அளந்தே அதனைச் செய்தார்கள். அவர் அணியும் தோல் சட்டை முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டைச் சுற்றியும் இறுகக் கட்டப்படும். அதன் கீழ் விளிம்போ படகின் வாயோடு சேர்த்துக் கட்டப்படும். ஆக, படகும் மனிதனும் ஒரே உடல் போல் ஆகிவிடுகின்றனர். படகு கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. தலைகீழாய்த் தொங்கும் அவர் துடுப்பை ஒரு வீச்சு வீசி, இடுப்பைத் திருகி, மறுபடியும் நிமிர்ந்துவிடுவார். துடுப்பு ஒடிந்தால் என்ன செய்வது, ஒரு கை கயிற்றில் சிக்கினால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விதமாக நிமிரும் முறைகளை வகுத்து வைத்திருந்தார்கள்.

ஏன் இத்தனை பாடு? நீந்திக் கரை சேரலாமே என்று நாம் கேட்போம். இந்தக் கேள்விக்கு விடை அந்த நீரின் குளிரில் இருக்கிறது.

நம் நாட்டுக் கடல்நீர் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் குளிர்காலக் கடல்நீர் 8 அல்லது 9 டிகிரிதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீரைவிடச் சற்றே வெதுவெதுப்பு, அவ்வளவே. மேலும், காற்றைவிட நீர் நம் உடற்சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்லும். இப்படிப்பட்ட நீரில் ஒருவர் திடீரென்று விழுந்தால் என்ன நேரும்?

விடியற்காலையில் குளிக்கப் போய், முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது நம்மை அறியாமலே மூச்சு 'ஹா' என்று உள்ளே இழுபடுகிறதல்லவா? அதனைப் பல மடங்கு பெருக்கிப் பாருங்கள். குளிர்கடலில் விழுந்தவர் அடக்கமுடியாமல் மூச்சை உள்ளிழுக்கிறார். அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதிலாகக் கடல்நீர் நுரையீரலுக்குள் போகிறது. பின்னர் மூச்சு வேகவேகமாக வாங்குகிறது; நெஞ்சு படபடக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது நின்றுவிடவும் கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரைக்கு அருகிலேயே மூழ்கிப் போவது இதனால்தான். உடல் விறைத்துப் போகும் முன்பே, முதல் நிமிடத்திலேயே, மரணம் வந்துவிடுகிறது.

கனடா நாட்டு மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பார் இதனை எளிதில் நினைவில் வைக்க மூன்று எண்களைச் சொன்னார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கி நிலைப்படுத்துவதற்கு. அடுத்த பத்து நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் நேரம். செய்யவேண்டியதை அதற்குள் செய்துகொள்ள வேண்டும். அதன்பின் விரல்கள் மரத்துப்போகும். கயிற்றைப் பிடிக்கவோ முடிச்சைப் போடவோ இயலாது. கடைசியில் உள்ள ஒன்று, ஒரு மணி நேரம். உயிர்காப்புச் சட்டை அணிந்து மிதந்துகொண்டிருப்பவர், உட்சூடு குறைந்து நினைவிழப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். இவை எல்லார்க்கும் அச்சாகப் பொருந்தும் கணக்கல்ல. வரிசையைப் புரிந்துகொள்வதற்கான வழிகாட்டி.

ஆகவேதான், "காற்றுக்கு உடுத்தாதே, நீருக்கு உடுத்து" என்பது குளிர்காலக் கயாக்காரர்களின் முதல் விதி. வானம் தெளிந்து வெயில் அடித்தாலும் அவர்கள் நீர் புகாத முழு உடையை அணிகிறார்கள். அந்த உடையின் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் பட்டைகள் பலவும் இயற்கை ரப்பர் பாலினால் செய்யப்பட்டவை. பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் குடும்பங்களின் உழைப்பு அந்தக் குளிர்கடலிலும் ஓர் உயிரைக் காத்திருக்கலாம் என்பதை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம்.

நீரின் குளிர் ஒரு பகை என்றால், கரையின் அமைப்பு மற்றொரு பகை. மணற்கரையில் அலை வந்து உருண்டு அடங்கிவிடும். செங்குத்துப் பாறையில் மோதும் அலையோ அடங்காது, திரும்பி வரும். வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று மோதி, நீர் மேலும் கீழும் குதிக்கும். அங்கே இறங்குவதற்கு இடமும் இராது. பகற்பொழுதும் குறைவு. ஸ்காட்லாந்தின் வட கோடியில் டிசம்பர் மாதப் பகல் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

யாவற்றிலும் வஞ்சகமானது, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. உயர்ந்த பாறைகள் அதனை மறைப்பதால் கரையோரம் குளம் போல் அமைதியாக இருக்கும். பார்ப்பவர் "கடல் சாதுவாக இருக்கிறது" என்று எண்ணிப் படகை இறக்குவார். சிறிது தூரம் சென்றதும் காற்று முழு வேகத்தோடு பிடித்துக்கொள்ளும். வெளியே போகப் போக அலையும் பெரிதாகும். திரும்பலாம் என்றால் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடவேண்டும். புதியவர்களால் அது ஆகாத காரியம்.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு வருந்தத்தக்க உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில், லைம் வளைகுடாவில் அது நிகழ்ந்தது. பிளிமத் நகரப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த 8 மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும், தனியார் பயிற்சி நிலையத்தின் இரண்டு பயிற்றுநர்களுடன் கயாக்குகளில் புறப்பட்டார்கள். லைம் ரீஜிஸ் என்னும் ஊரிலிருந்து பக்கத்து ஊராகிய சார்மத்துக்குப் போய்வர வேண்டும். தூரம் இரண்டு மைல் அளவுதான். காலை பத்து மணியளவில் போனவர்கள் நண்பகல் உணவுக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

மார்ச் மாதம் குளிர்காலத்தின் முடிவு. ஆயினும், நிலம் சூடேறும் வேகத்தில் கடல் சூடேறுவதில்லை. அந்தக் கரையில் கடல் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் படகு மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்றவர் மாணவர்களின் படகுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் செய்தார். கடல் நோக்கி வீசிய காற்று அந்தக் கூட்டத்தை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போயிற்று. படகின் வாயை மூடும் மூடுதுணி மாணவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அலை ஏறி ஏறிப் படகுகள் நிரம்பி மூழ்கின. பிள்ளைகள் நீரில் மிதந்தார்கள். உதவிக்கு அழைக்க வானொலிக் கருவி இல்லை. ஆபத்தை அறிவிக்கும் தீச்சுடர் இல்லை. பயணத்தைப் பற்றிக் கடலோரக் காவல் படையினருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் இல்லை.

நண்பகல் கடந்தது. யாரும் திரும்பவில்லை. கடலோரக் காவல் படைக்குச் செய்தி போனதோ பிற்பகல் மூன்றரை மணி அளவில். மீட்பு ஹெலிகாப்டர்கள் தேடிக் கண்டெடுத்தபோது மாலையாகிவிட்டது. 16, 17 வயதுடைய நான்கு பிள்ளைகள் உயிரிழந்தனர்.

பின்னர் நடந்த விசாரணையில் ஒரு செய்தி வெளிவந்தது. அந்த நிலையத்தில் வேலை செய்த பயிற்றுநர் இருவர், பாதுகாப்பு ஏற்பாடுகள் போதா என்று 1992ஆம் ஆண்டிலேயே மேலாளருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். அந்தச் சொல் செவியில் ஏறவில்லை. 1994இல் மேலாளருக்குச் சிறைத்தண்டனையும் நிறுவனத்துக்கு 60,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்ததாக ஒரு நிறுவனமே குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டது இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் அதுவே முதன்முறை. பிள்ளைகளை இழந்த பெற்றோர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. இத்தகைய பயிற்சி நிலையங்கள் உரிமம் பெற்றே நடக்கவேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1995இல் அதற்கான சட்டம் நிறைவேறியது.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைக் கிரீன்லாந்து வேட்டைக்காரரின் முறையோடு வைத்துப் பாருங்கள். ஏட்டுக்கல்வி அறியாத அவர் படகின் வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகளின் படகுகள் திறந்து கிடந்தன. அவர் உடம்புக்கு ஏற்ற தோலுடை அணிந்தார். சிறு வயது முதலே கவிழவும் நிமிரவும் பழகினார். அப்படியிருந்தும் கடல் சில வேளைகளில் வென்றுவிடும். ஜினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1930, 31ஆம் ஆண்டுகளில் கிரீன்லாந்து சென்று, அம்மக்களிடமே கயாக் கலையைக் கற்றுத் தேர்ந்தவர். 1932 ஆகஸ்டில் அவர் தனியாக வேட்டைக்குப் போனார். வெற்றுப் படகுதான் மிதந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25. திறமை மிக்கவரும் தனியே போகக்கூடாது என்பதற்கு இது சான்று.

குளிர்நீரில் விழுந்தவர் செய்யவேண்டியது என்ன? உடனே நீந்த முற்படக்கூடாது. முகத்தை மேலே வைத்து மிதந்தபடி, மூச்சு அடங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுக்கவேண்டும். பிறகு கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதனை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது. மீட்கப்பட்டவரைக் கூடியவரை படுத்த நிலையிலேயே தூக்கவேண்டும். ஈர உடையைக் களைந்து உலர்ந்த துணியால் போர்த்தவேண்டும். கைகால்களைத் தேய்க்கக்கூடாது, மது கொடுக்கவே கூடாது. அது சூடு தருவது போல் தோன்றினாலும் உடற்சூட்டை வெளியே விட்டுவிடும்.

"நம் ஊரில் பனியும் இல்லை, கயாக்கும் இல்லை, இது நமக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். நம் கடல் குளிராததுதான். ஆனால், ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கிழக்குக்கரைக் கடல் எப்படிப் பொங்கும் என்பதை அறிவோம். பள்ளி விடுமுறையும் அந்த வேளையில்தான் வருகிறது. பள்ளியிலிருந்தோ சங்கத்திலிருந்தோ கடற்கரைக்கும் அருவிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வருகிறது. "வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆசிரியர்மேல் நீங்கள் வைக்கும் அந்த நம்பிக்கையை நாங்கள் போற்றுகிறோம். ஆனால், கேள்வி கேட்பது அவமரியாதை ஆகாது.

கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றி நன்கு அறிந்தவர் உடன் போகிறாரா? ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை உண்டா? அன்றைய வானிலை அறிக்கையைப் பார்த்துச் சொல்பவர் யார்? எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், திரும்பாவிட்டால் யார் யாருக்குச் செய்தி சொல்வார்? லைம் வளைகுடாவில் இந்த நான்கையும் காலையிலேயே உறுதி செய்திருந்தால், அந்த நான்கு பிள்ளைகளும் உயிரோடு வீடு திரும்பியிருக்கக்கூடும்.

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்றார்கள் நம் பெரியோர்கள். நீரில் இறங்கியபின் காட்டும் வீரத்தைவிட, கரையில் நிற்கும்போதே செய்யும் ஆயத்தம் பெரிது. கடலுக்கோ ஆற்றுக்கோ பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு முறையும் இதனை மனத்தில் கொள்வோமாக.