இறக்கப் போய் இறந்த பெட்டிகள்! பழைய 'பி.எஸ்.பி.' வைத்திருப்போர் கவனிக்க

அன்னூர்:-

பழைய 'பி.எஸ்.பி.' விளையாட்டுப் பெட்டியை "பழைய வெர்சனுக்கு இறக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே கையில் கொடுத்து விடாதீர்கள். 2005-ம் ஆண்டு அப்படி இறக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு போலி பைல், பெட்டியின் உயிரையே குடித்தது.

அதுபற்றிய விவரம் வருமாறு:-

பரணில் கிடக்கும் பெட்டி

பி.எஸ்.பி. என்பது ஜப்பானின் சோனி கம்பெனி தயாரித்த கையடக்க விளையாட்டுப் பெட்டி. 2004 டிசம்பர் 12-ந்தேதி ஜப்பானிலும், 2005 மார்ச் 24-ந்தேதி அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுவதும் 7 கோடிக்கு மேல் விற்றது. 2014-ல் சோனி இதை நிறுத்தி விட்டது.

புதுசு கிடையாது. பழசு இருக்கிறது. துபாயில் இருந்து மாமா வாங்கி வந்தது, அண்ணன் விளையாடிவிட்டுப் பரணில் போட்டது என்று வீடுகளில் தூங்குகிறது. தம்பி அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, சத்தி ரோட்டில் பஸ் ஏறி காந்திபுரத்துக்குப் போனால் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏனுங்கண்ணா, இதைப் பழைய வெர்சனுக்கு எறக்க முடியுங்களா?"

"வெச்சுட்டுப் போ தம்பி. சாயங்காலம் வந்து வாங்கிக்க."

அந்த "வெச்சுட்டுப் போ"வில்தான் ஆபத்து இருக்கிறது.

எதற்காக இறக்குகிறார்கள்?

பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சிப்பில், "இப்படி நட, இதைச் செய், இதைச் செய்யாதே" என்று கம்பெனி எழுதி வைத்த உத்தரவுகள் இருக்கின்றன. இதற்குப் பெயர் 'பர்ம்வேர்'. கம்பெனி அவ்வப்போது புது பர்ம்வேர் விடும்.

அமெரிக்காவில் விற்ற பெட்டிகளில் இருந்தது 1.50 வெர்சன். இதில் ஒரு ஓட்டை இருந்தது. தாங்களே எழுதிய புரோகிராம்களை அதன் வழியாக ஓட்டும் வித்தையை 2005 ஜூனில் சில வாலிபர்கள் கண்டுபிடித்தார்கள்.

சோனி சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே ஜப்பானில் 2.0 வெர்சனை விட்டது. அதில் இன்டர்நெட் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. கூடவே ஓட்டையையும் அடைத்தது. முன்வாசலில் புது விளக்கு, பின்வாசலில் புதுப் பூட்டு!

விளக்குக்கு ஆசைப்பட்டு ஏறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புதுசுக்கு ஏறலாம், பழசுக்கு இறங்கக் கூடாது என்பதுதான் பெட்டிக்குக் கம்பெனி போட்ட உத்தரவு.

"என் காசு, என் பெட்டி. நான் எழுதிய புரோகிராம் ஏன் ஓடக் கூடாது?" என்று கேட்டார்கள் வாங்கியவர்கள். பின்வாசலைத் திறந்து விட்டால் அதே வழியாகத் திருட்டு விளையாட்டுகளும் உள்ளே வரும் என்பது கம்பெனியின் கவலை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் போலி ஆசாமி புகுந்தான்.

வயதைக் குறைத்துச் சொன்ன தந்திரம்

2005 செப்டம்பரில் 2.0 வெர்சனிலும் ஒரு ஓட்டை அகப்பட்டது. ஒரு வகைப் படத்தைத் திறக்கும்போது பெட்டி தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் வெளி புரோகிராம் ஒன்று உள்ளே நுழைந்துவிடும்.

நுழைந்த புரோகிராம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 'என் வெர்சன் 2.0' என்று பெட்டி எழுதி வைத்திருந்த குறிப்பை '1.00' என்று மாற்றியது. அவ்வளவுதான். பிறகு சோனியே வெளியிட்ட 1.50 பைலைப் போட்டால், "1.00-ல் இருந்து மேலே ஏறுகிறோம்" என்று நம்பிப் பெட்டி அதை ஏற்றுக்கொண்டது.

அரை டிக்கெட்டுக்காகப் பையனின் வயதைக் குறைத்துச் சொல்வார்களே, அதே கதைதான்!

போலி வந்தது

இந்தச் செய்தி பரவியது. எல்லோரும் இறக்கும் பைலைத் தேடினார்கள். தேடுகிறவன் இருந்தால் ஏமாற்றுகிறவனும் வருவான் அல்லவா?

2005 அக்டோபர் முதல் வாரத்தில், "2.0 வெர்சனை இறக்கும் பைல்" என்று ஒன்று இன்டர்நெட்டில் உலவியது. நம்பிப் போட்டவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அது எதையும் இறக்கவில்லை. பெட்டி எழுந்திருக்கத் தேவையான 4 முக்கிய பைல்களை அழித்தது. அணைத்த பெட்டி திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

வைரஸ் தடுப்பு கம்பெனியான சைமன்டெக் இதற்கு 'டிரோஜன் பி.எஸ்.பி. பிரிக்' என்று பெயர் வைத்து எச்சரிக்கை விட்டது. பிரிக் என்றால் செங்கல். கோவைக்காரர்களுக்குச் செங்கல் என்றால் தடாகம் சூளை ஞாபகம் வரும். இது பல ஆயிரம் ரூபாய் செங்கல்!

இந்த டிரோஜன் தானாகப் பரவவில்லை. திருடன் பூட்டை உடைக்கவும் இல்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து, "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டார்.

நல்ல பைலும் கொல்லும்

போலிதான் என்று இல்லை. நல்ல பைலாலும் பெட்டிகள் செத்தன.

முதல் வகையான 1000 மாடலிலேயே சோனி பிறகு போர்டை மாற்றியது. டி.ஏ.082 என்ற அந்தப் போர்டுக்கு 1.50 ஒத்துக்கொள்ளாது. வெளியே பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்று போலத்தான் இருக்கும். தெரியாமல் இறக்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். 2007-ல் வந்த 2000 மாடல், 2008-ல் வந்த 3000 மாடல் ஆகியவற்றுக்கும் 1.50 ஆகாது.

இன்னொரு எமன் கரண்ட். பர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் பெட்டி பாதியில் நிற்கும். அதனால்தான் சார்ஜரைச் செருகி, பேட்டரியிலும் சார்ஜ் வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று சோனியே சொன்னது.

பேட்டரிக்குள் சாவி

செத்த பெட்டிகளுக்கு 2007 ஆகஸ்டில் மருந்து கிடைத்தது. பேட்டரிக்குள் ஒரு சீரியல் நம்பர் இருக்கிறது. அதைக் குறிப்பிட்ட ஒரு நம்பராக மாற்றினால், "வந்திருப்பது மெக்கானிக்" என்று பெட்டி நினைத்துக்கொண்டு மெமரி ஸ்டிக்கில் இருந்து எழுந்திருக்கும். 'பண்டோரா பேட்டரி' என்று இதற்குப் பெயர். செங்கலாகக் கிடந்த பல பெட்டிகளை இது பிழைக்க வைத்தது. 3000 மாடலில் சோனி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

இப்போது தேவையே இல்லை

சோனி கடைசியாக விட்டது 6.61 வெர்சன். 2015 ஜனவரியில் வந்தது. சொந்தமாக எழுதிய புரோகிராம்களை இந்த வெர்சனிலேயே ஓட்ட வழி வந்துவிட்டது. எனவே "முதலில் 1.50-க்கு இறக்கணும்" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால், அவர் பழைய பாடத்தையே படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. காப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருட்டு விளையாட்டு ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் ஒதுங்கியே இருங்கள்.

கொடுக்கும் முன்பு

கடையில் கொடுக்கும் முன் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' பகுதியைத் திறந்து வெர்சனைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் நம்பரையும் எழுதி வையுங்கள். மெமரி ஸ்டிக்கில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். வேலை கெட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

பில் இல்லாமல் கொடுத்த பெட்டி செங்கலாகத் திரும்பி வந்தால், "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்று கடைக்காரர் சொல்லிவிட முடியும்.