செல்லப் பிராணிக்காக அழலாமா?

வீட்டில் வளர்த்த நாயோ பூனையோ இறந்துவிட்டால் நமக்கு இரண்டு துயரங்கள். ஒன்று, அதன் பிரிவு. மற்றொன்று, "ஒரு மிருகத்துக்குப் போய் இப்படி அழுவார்களா?" என்ற கேலி. மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். நாய்க்கு யார் வருவார்கள்? அது மோட்சத்திற்குப் போகுமா என்று ஞானோபதேச வகுப்பில் கேட்கவும் கூச்சப்படுகிறோம்.

இக்கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று. 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இதை ஆராய்ந்தார். விலங்குகளுக்கும் ஆன்மா உண்டு, ஆனால் அது உடலோடு அழிந்துவிடும் என்பது அவர் முடிவு. கேட்க வருத்தமாயிருந்தாலும் இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மோட்சம் எல்லாப் படைப்புகளுக்கும் திறந்திருக்கிறது என்று பாப்பரசர் பிரான்சிஸ் சொன்னதாக 2014-ல் பத்திரிகைகள் எழுதின; அவர் அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆயினும் 2015-ல் அவர் எழுதிய 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்று உருமாறித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்கிறார். நம் வீட்டு நாய் அங்கே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் என்று இதற்குப் பொருளா? அந்த அளவுக்கு நாம் துணிந்து சொல்ல மாட்டோம். நம்புவதை யாரும் தடுக்கவும் இல்லை.

வேதாகமத்தில் தோபித்து ஆகமத்தைப் பாருங்கள். இளம் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படுகையில் நாயும் கூடவே போகிறது. கதைக்கு அந்த நாயால் ஒரு பயனும் இல்லை! எழுதியவருக்கு அதை விட்டுவிட மனம் வரவில்லை போலும். தாவீது அரசருக்கு நாத்தான் சொன்ன கதையிலோ, ஓர் ஏழை தன் ஒரே ஆட்டுக்குட்டிக்குத் தன் உணவையே கொடுத்து, மகளைப் போல் மடியில் வைத்து வளர்க்கிறான். அந்த அன்பை இறைவாக்கினர் கேலி செய்யவில்லை. சொற்பக் காசுக்கு விற்கும் சிட்டுக்குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்று நம் ஆண்டவரே கூறியிருக்கிறார் (லூக்கா 12:6).

மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குகளுக்குக் கொடுக்கலாகாது என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் எச்சரிப்பது உண்மை. அழுகிற பிள்ளையிடம் இதை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள், விலங்குகளை நேசிக்கலாம், அவற்றிடம் இரக்கம் காட்டுவது நம் கடமை என்று அதே பகுதியில் உள்ளதையும் படிக்க வேண்டும்.

பிராணிக்கு அடக்கப் பூசை இல்லை. உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை. அது பாவம் செய்யவில்லையே! கொல்லையில் புதைத்து, ஒரு பூ வைத்து, அதைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம். தம்பி தங்கைகள் கேட்டால், "ஊருக்குப் போயிருக்கிறது" என்று பொய் சொல்ல வேண்டாம். இறந்துவிட்டது, படைத்தவர் அதை மறக்கமாட்டார் என்று சொல்லலாம். நமக்கும் அவ்வளவுதான் தெரியும்.