படை என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார்வளாகத்தில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய தாயின் உருவிலே ஈசனே வந்து மருத்துவம் பார்த்ததாக ஸ்தல புராணம் சொல்கிறது. திருமலை நாயக்க மன்னரின் வயிற்று வலி தீர்ந்ததும் இந்தச் சந்நிதியில்தான் என்பார்கள்.

நோய் தீர வேண்டிக்கொள்வது சரிதான். ஆனால் சுவாமியிடம் சொல்லும் நோயை டாக்டரிடம் சொல்லக் கூசும் பெண்கள் எத்தனை பேர்!

இடுப்பிலோ தொடையிலோ மார்பிலோ படை போல ஒரு திட்டு. களிம்பு தடவினால் அடங்கும்; மறுபடி தலைகாட்டும். வருஷக்கணக்கில் இப்படியே போகும். நம்மவர் மாநிறத் தோலில் வெளிறிய திட்டாகவும் வருவதுண்டு. 'தொழுநோயோ, வெண்புள்ளியோ' என்று பயந்து, கலியாணத்துக்கு நிற்கும் பெண்ணாயிருந்தால் வீட்டாரே மூடி மறைத்துவிடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை சாதாரணத் தோல் நோய்களே. வெகு அபூர்வமாகச் சில, தோலில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய். லிம்போமா என்பது அதன் பெயர். நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே தோலில் தங்கித் தறிகெட்டுப் பெருகுவதால் வருவது. 1806-ல் பாரிஸ் டாக்டர் அலிபெர் இதை முதன்முதலில் விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான் போல் இருந்ததால் 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' என்று பெயர் வந்தது. உண்மையில் காளானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தொற்றவும் தொற்றாது.

ஒரு வீட்டுக் கோலத்தைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண் போடுகிறாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒருத்தி ஒரு புள்ளியை விடுகிறாள். வேறொருத்தி ஓர் இழையைச் சேர்க்கிறாள். பத்துத் தெரு தாண்டினால் ஒரே கோலம் பல கோலமாகிவிடுகிறது அல்லவா? புற்றணுக்களும் அப்படித்தான். ஓர் அணு இரண்டாகும்போதெல்லாம் அதன் சுமார் அறுநூறு கோடி எழுத்துக்களையும் நகல் எடுக்க வேண்டும். அதில் நேரும் பிழைகள் சேர்ந்து, பிள்ளை அணுக்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன. புற்றுநோய் இவ்வாறு வளர்வதாக 1976-ல் பீட்டர் நோவெல் எடுத்துச் சொன்னார். தோல் லிம்போமாவிலும் இப்படிக் கிளை பிரிவதை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் காட்டினார்கள். நோய் முற்ற முற்றக் கிளைகளும் பெருகுகின்றன.

இதனால் நமக்கென்ன? ஒரு கிளையை அழிக்கும் மருந்துக்கு மற்றொரு கிளை தப்பிவிடலாம். ஆகவே கிளைகள் குறைவாக இருக்கும்போதே பிடிப்பது நல்லது. டாக்டர் இரண்டு மூன்று இடங்களில் தோலைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். புற்றுநோய் என்றால் மரணம்தான் என்று பலர் எண்ணிய காலம் அது. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை சேவை செய்தார். ஆரம்பத்திலே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் ஓயாமல் சொன்ன பாடம்.

தோல் லிம்போமாவுக்கும் அதே பாடம்தான். ஆரம்ப நிலையில் களிம்பும் ஒளிச் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும். இந்த நிலையில் கண்டறியப்பட்டவர்களில் அநேகர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஆறாத திட்டு இருக்கிறதா, சகோதரிகளே? வைத்தியநாதரைக் கும்பிடுங்கள். கையோடு தோல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.