ஆஞ்சியோவுக்குப் பிடிபடாத வீக்கம்

ஆஞ்சியோ நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் ரத்தக்குழாயைப் பற்றிய கவலை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தமனி அழற்சி விஷயத்தில் அந்த நிம்மதி சீக்கிரம் வந்துவிடக்கூடாது. சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோ படத்தில் தெரிவது குழாய்க்குள் ரத்தம் ஓடும் வழி மட்டும்தான். இந்த நோய் குடியிருப்பதோ குழாயின் சுவரில். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே சுவருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கின்றன. வீக்கம் நீடித்து, சுவர் தடித்துத் தழும்பேறிய பிறகுதான் உள்வழி குறுகும். குறுகல் படத்தில் விழும்போது நோய் பாதி வேலையை முடித்திருக்கும். அதனால்தான் நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று பழைய ஆஞ்சியோவை இப்போது யாரும் முதலில் பரிந்துரைப்பதில்லை. சுவரைக் காட்டும் ஸ்கேன்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர்களின் கூட்டமொன்றில், கனசாவாவைச் சேர்ந்த மிகிட்டோ தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண்ணுக்கு 21 வயது. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் வழக்கத்துக்கு மாறாக வளையம் வளையமாகப் பின்னிக் கிடந்தன. அதே கூட்டத்தில் வேறு இரண்டு மருத்துவர்கள், தங்களிடம் வந்த இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணில் தெரிந்தது விளைவுதான். மூலம் மகாதமனியிலும் அதிலிருந்து கைக்கும் தலைக்கும் பிரியும் கிளைகளிலும் இருந்தது.

அவர் பெயரைப் பெற்ற தகயாசு நோய் தமனி அழற்சியில் ஒரு வகை. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களைத் தாக்குகிறது. ஆசியாவில் அதிகம், இந்தியாவிலும் குறைவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நெடுங்காலமாக இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நோய் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று மதிப்பெண் போட இந்திய மருத்துவர்கள் உருவாக்கிய 'ஐடாஸ் 2010' முறையிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஜப்பானியர்களுக்கு மகாதமனியின் மேல்வளைவு அதிகம் பாதிக்கப்படுகிறது என்றால், நம்மவர்களுக்கு வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனிகளும். ஆகவே இங்கே இந்த நோய் இளம்பெண்ணின் உயர் ரத்த அழுத்தமாக வேடமிட்டு வரும். 25 வயதில் பி.பி. 170 என்றால் 'டென்ஷன்' என்று மாத்திரை எழுதி அனுப்புவது வைத்தியமே அல்ல. இரண்டு கைகளிலும் பி.பி. பார்க்கவும் மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்க்கவும் இரண்டு நிமிடம் போதும். ஸ்கேனுக்கு அனுப்பவேண்டும் என்ற எண்ணமே அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிறக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் முதல் தேர்வு எம்.ஆர்.ஐ. தமனிச் சுவர் தடித்திருப்பதையும் அதில் நீர்கோத்திருப்பதையும் அது காட்டும். கதிர்வீச்சு கிடையாது. இளம் வயதில் தொடங்கி வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சி.டி. ஆஞ்சியோவும் சுவரைக் காட்டும், வேகமாக முடியும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. கழுத்துத் தமனிக்கு அல்ட்ராசவுண்டே போதும். மார்புக்குள் இருக்கும் மகாதமனியை மட்டும் நுரையீரல் மறைத்துவிடும்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது இன்னொரு வகை. ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்கிறார்கள். வட ஐரோப்பியர்களிடம் அதிகம். நம்மிடம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. நெற்றிப்பொட்டில் புதிதாக ஒரு தலைவலி, சீப்பு பட்டாலே உச்சந்தலை வலிப்பது, நாலு வாய் மெல்வதற்குள் தாடை கடுத்து, நிறுத்தியதும் சரியாவது என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு கண் திடீரென்று இருண்டுபோகக்கூடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

முன்பெல்லாம் பொட்டுத் தமனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அழற்சி விட்டு விட்டுப் பரவுவதால் வெட்டிய துண்டில் ஒன்றுமே இல்லாமலும் போகும். 1997-ல் பெர்லினில் வொல்ஃப்காங் ஷ்மிட்டின் குழு அல்ட்ராசவுண்டில் ஒரு தடயத்தைக் கண்டது: குழாயின் வழியைச் சுற்றி ஒரு கருவளையம். வீங்கிய சுவர்தான் அது. காதுக்கு முன்னே ஜெல் தடவி, விரலளவு புரோபை வைக்கிறார்கள். ஆரோக்கியமான சுவர் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், திரையில் பார்ப்பதே கடினம். 0.4-ஐத் தாண்டினால் சந்தேகம். புரோபை லேசாக அழுத்தினால் நல்ல தமனி நசுங்கி மறைந்துவிடும். அழற்சியுள்ள தமனி மறையாமல் வளையமாகவே நிற்கும். அதே கையோடு அக்குள் தமனியையும் பார்க்கிறார்கள்.

2016-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 381 நோயாளிகளுக்கு இரண்டு சோதனையையும் செய்தார்கள். நோய் உள்ளவர்களில் பயாப்ஸி 39 சதவீதத்தினரையும் அல்ட்ராசவுண்ட் 54 சதவீதத்தினரையும் கண்டுபிடித்தது. ஆனால் பயாப்ஸி இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லவில்லை. அல்ட்ராசவுண்ட் சிலருக்குச் சொன்னது. மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் புரோப் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் கலந்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுகிறார்கள். அழற்சி அணுக்கள் அதை அள்ளிக்கொள்வதால் அந்த இடம் ஒளிரும். கல்லீரலைவிடப் பிரகாசமாகத் தமனிச் சுவர் ஒளிர்ந்தால் அழற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். காரணம் புரியாத காய்ச்சலும் எடைக் குறைவும் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி, மறைந்திருக்கும் புற்றுநோயும் தொற்றும்கூட அதே படத்தில் தெரியவரலாம். விலை அதிகம். முதுமையில் கொழுப்புப் படிந்த தமனியும் லேசாக ஒளிர்ந்து குழப்பும். நோய் அடங்கியவர்களிடமும் சில நேரம் மினுக்கம் மிச்சமிருக்கும், அதற்காக மருந்தைக் கூட்டிவிடக் கூடாது.

எந்த ஸ்கேனானாலும் நேரம் முக்கியம். ஸ்டீராய்டு ஆரம்பித்த சில நாட்களிலேயே வீக்கத்தின் தடயங்கள் மங்கத் தொடங்கும். பெட் ஸ்கேன் என்றால் முதல் மூன்று நாட்களுக்குள் எடுப்பது நல்லது. அதற்காக ஸ்கேன் தேதி கிடைக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு. பார்வைக்கு ஆபத்து என்றால் மருந்துதான் முதலில், படம் பிறகு.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: ஸ்கேன் ரிப்போர்ட் காகிதத்தோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். 'சுவர் தடித்துள்ளது' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் எந்த மருத்துவராலும் நோய் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது.