பரம்புக்குப் பக்கத்தில் வீடு கட்டலாமா?

வீட்டுக்கடன் பேச்சு வந்தாலே ஆதிச்சநல்லூர்ப் பக்கம் எழுகிற கேள்வி இது. "நம்ம பட்டா நிலம்தானே, யார் தடுப்பா?" என்று நினைக்கிறோம். ஆனால் முதுமக்கள் தாழிகள் புதைந்துள்ள 114 ஏக்கர் பரம்பு மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடோ கூடுதல் அறையோ கட்டக்கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டணும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அப்போ ஒழுகுகிற வீட்டிலேயே கிடக்கணுமா? இல்லை. 16.6.1992-க்கு முன்பே இருந்த வீடு என்றால், 100 மீட்டருக்குள் இருந்தாலும் அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம்.

ஆகவே கடன் வாங்கும் முன்பே தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். செங்கல் இறக்கும் முன் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீங்க. வேலை பாதியில் நின்றாலும் கடன் தவணை நிற்காது!

சந்தேகமா? வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் குழுவாகப் போவோம்.